கிறிஸ்தவ விசுவாசப் படங்களுக்கான திரைக்கதைப் போட்டிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழில் வேதாகமத்தில் வருவதும் வசனம், படத்தில் பேசுவதும் வசனம். விசுவாசப் படத் திரைக்கதைகள் பலவும் சறுக்குவது இந்த இரண்டும் கலந்துவிடும் இடத்தில்தான். குழப்பம் வராமலிருக்க, கீழே வேதாகமத்தில் உள்ளதை ‘வேத வசனம்’ என்றும் பாத்திரங்கள் பேசுவதை ‘உரையாடல்’ என்றும் எழுதியிருக்கிறோம்.

எந்த மாதிரியான போட்டிகள் இருக்கின்றன?

முதல் வகை, விசுவாசப் படங்களுக்கென்றே தனியாக நடப்பவை. அமெரிக்காவில், கிறிஸ்தவப் பார்வையில் படங்களை விமர்சிக்கும் மூவிகைடு அமைப்போடு சேர்ந்து உருவான கைரோஸ் பரிசு இதில் பெயர் பெற்றது. புதிதாக எழுத வருகிறவர்களை மனதில் வைத்துத் தொடங்கிய பரிசு அது. கடவுள் மேலுள்ள அன்பையோ புரிதலையோ வளர்க்கிற கதையா என்பது அதன் அளவுகோல்.

இரண்டாவது, கிறிஸ்தவப் பட விழாக்கள் படங்களோடு சேர்த்து நடத்தும் திரைக்கதைப் பிரிவு. இவற்றில் 168 என்ற விழாவின் முறை தனி. ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம் என்ற கணக்கில் வைத்த பெயர் அது. கொடுக்கப்படும் வேத வசனத்தை அடிப்படையாக வைத்து அந்தக் கெடுவுக்குள் குறும்படத்தை எடுத்துத் தொகுத்து முடித்துக் கொடுக்க வேண்டும். எழுதுகிறவர்களுக்கும் அதே பாணியில் அங்கே ஒரு போட்டி உண்டு. வருடக்கணக்கில் ஒரே கதையைத் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் இப்படி ஒரு கெடுவுக்குள் எழுதிப் பார்ப்பது நல்லது.

மூன்றாவது, பொதுப் போட்டிகளில் ‘குடும்பம்’, ‘விசுவாசம்’ என்று தனியாக இருக்கும் பிரிவுகள். இங்கே நடுவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. ‘அபிஷேகம்’, ‘சாட்சி’, ‘பின்மாற்றம்’ போன்ற சபைச் சொற்களை எழுதிவிட்டு அவருக்குப் புரியும் என்று இருந்துவிடாதீர்கள்.

கதையில் இயேசுவின் பெயர் வந்தே ஆக வேண்டுமா?

போட்டியைப் பொறுத்தது. சில போட்டிகள் சுவிசேஷம் வெளிப்படையாகத் தெரிய வேண்டும் என்று விதியிலேயே எழுதியிருக்கும். சிலவற்றுக்கு வேதாகமத்துக்கு ஒத்த மதிப்பீடுகள் இருந்தால் போதும். எபிரெய வேதத்தில் உள்ள எஸ்தர் புத்தகத்தில் கடவுளின் பெயர் ஓரிடத்தில்கூட வராது. ஆனாலும் அது விசுவாசக் கதையல்ல என்று யாரும் சொல்வதில்லை. உங்கள் திரைக்கதை அந்த ரகம் என்றால், அதை ஏற்கும் போட்டியாகத் தேடிப் பிடியுங்கள். வேறு போட்டிக்காகக் கடைசி நேரத்தில் ஒரு சிலுவைக் காட்சியைச் சொருகினால் படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

‘பிரசங்கம் போல இருக்கிறது’ என்று நடுவர் குறிப்பு வந்திருக்கிறது. எப்படித் திருத்துவது?

இந்தப் போட்டிகளில் அதிகமாக வரும் குறிப்பு இதுதான். கதையில் விசுவாசம் கூடிவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. செயலில் வர வேண்டிய விசுவாசம் பேச்சில் மட்டும் இருக்கிறது என்றே அர்த்தம்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். சபைக் கட்டட நிதியிலிருந்து பணம் எடுத்துவிட்ட பொருளாளர், போதகரின் அறைக்கு வந்து உண்மையைச் சொல்கிறார். முதல் வரைவில் போதகர் ஒன்றரைப் பக்கத்துக்கு மன்னிப்பைப் பற்றிப் பேசுகிறார், மூன்று வேத வசனம் சொல்கிறார், பொருளாளர் அழுகிறார். சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் அந்த அறையில் யாரும் எதையும் இழக்கவில்லை.

அதே காட்சியை இப்படி எழுதிப் பாருங்கள். பொருளாளர் சொல்லி முடிக்கிறார். போதகர் நெடுநேரம் பேசவில்லை. இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுக்கிறார். காணிக்கைப் பெட்டிச் சாவியை மட்டும் வளையத்திலிருந்து கழற்றுகிறார். அது சுலபமாக வரவில்லை, நகத்தால் நெம்புகிறார். சாவியை மேசைமேல் வைத்து அவர் பக்கம் தள்ளுகிறார். “ஞாயிற்றுக்கிழமை நீங்களே எண்ணுங்க, பிரதர்.” பொருளாளரின் கை நீளவில்லை. “வேண்டாம் பாஸ்டர்” என்கிறார்.

இது அரைப் பக்கம்கூட வராது. மன்னிப்பு என்ற சொல்லே இல்லை. போதகர் இப்போது சபைக்கு முன்னால் தன் பெயரையே பணயம் வைத்திருக்கிறார், ஞாயிறு என்ன ஆகும் என்ற கேள்வியும் பிறந்துவிட்டது. முதல் வரைவில் அந்தக் கேள்வி பிறக்கவே வழியில்லை.

திருத்துவதற்கு ஒரு வழி: திரைக்கதையை அச்செடுத்து, நான்கு வரிக்கு மேல் நீளும் ஒவ்வொரு உரையாடலையும் பென்சிலால் வட்டமிடுங்கள். அதில் உபதேசமாக வருபவற்றைத் தனியே பிரித்து, ‘இதைச் சொல்வதால் இவருக்கு என்ன நஷ்டம்?’ என்று ஓரத்தில் பதில் எழுதுங்கள். பதில் வராத இடத்தை வெட்டுங்கள், அல்லது ஒரு செயலாக மாற்றுங்கள். பிரசங்கம் கதைக்கு அவசியம் என்றால் கேட்பவர் முகத்தை எழுதுங்கள். பாதியில் எழுந்து போகிறவர், கைக்கடிகாரத்தைப் பார்க்கிறவர், தனக்குத்தான் சொல்கிறார் என்று நெளிகிறவர். காட்சி அங்கேதான் நடக்கிறது.

ஜெபக் காட்சியை எப்படி எழுதுவது?

“ஆண்டவரே, என் கணவர் வேலையிழந்து மூன்று மாதமாகிறது என்பது உமக்குத் தெரியும், மூத்தவனுக்குக் கட்டணம் கட்டவில்லை என்பதும் தெரியும்” என்று எழுதாதீர்கள். ஆண்டவருக்குத் தெரிந்ததைப் பார்வையாளருக்குச் சொல்ல ஜெபத்தைப் பயன்படுத்துவது இது. நடுவர்களுக்கு இது அலுத்துப்போன பழக்கம்.

1 சாமுவேல் முதல் அதிகாரத்தில் அன்னாளின் ஜெபம் இருக்கிறது. உதடுகள் மட்டும் அசைகின்றன, சத்தம் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும் ஆசாரியன் ஏலி, அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துக் கண்டிக்கிறான். ஜெபத்தின் சொற்கள் ஒன்றுகூட ஏலிக்குக் கேட்காமலே, அசையும் உதடுகளில் அவளுடைய வேதனை முழுக்கத் தெரிகிறது, கூடவே மோதலும் வந்துவிடுகிறது. திரைக்கு எழுதுகிறவர் இதைவிட நல்ல பாடத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை.

மனந்திரும்புதல் எத்தனையாவது பக்கத்தில் வர வேண்டும்?

விதி என்று ஒன்றுமில்லை. ஆனால் 100 பக்கத் திரைக்கதையில் நாயகன் 92-ஆம் பக்கத்தில் முழங்கால் போட்டு, 95-இல் வேலை திரும்பக் கிடைத்து, 98-இல் மனைவியும் வீடு திரும்பினால் மதிப்பெண் குறையும். ஜெபித்ததும் எல்லாம் கிடைத்துவிட்டது என்ற கணக்கு அங்கே தெரிகிறது. கதை முடிச்சையும் நாயகன் அவிழ்க்கவில்லை.

மனந்திரும்புதலைக் கதையின் நடுப்பகுதிக்கு, 50 முதல் 60 பக்கத்துக்குள், கொண்டுவந்து பாருங்கள். அதன் விலையைக் கொடுக்க மீதிக் கதை முழுவதும் கிடைக்கும். லூக்கா 19-இல் சகேயு, சொத்தில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியது நாலத்தனையாகத் திரும்ப என்று கணக்கே சொல்கிறான். படமாக எடுத்தால் அடுத்த நாள் காலையில் அவன் யார் யார் வீட்டுக் கதவைத் தட்டினான் என்பதுதான் கதை. இயேசுவின் உவமையிலும், வீடு திரும்பும் இளைய மகன் தகப்பனிடம் சொல்ல ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டு வருகிறான். ‘கூலிக்காரனில் ஒருவனாக வைத்துக்கொள்ளும்’ என்ற கடைசிப் பகுதியை அவன் சொல்வதற்குள் தகப்பன் வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிடுகிறான். அந்தக் குறுக்கீட்டில்தான் கிருபை இருக்கிறது. மூத்தவன் விருந்துக்குள் போனானா இல்லையா என்பது கடைசிவரை சொல்லப்படவில்லை. எல்லா முடிச்சையும் அவிழ்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கும் இல்லை.

வேதாகமக் கதையையே எழுதலாமா?

எழுதலாம், இரண்டு எச்சரிக்கையோடு.

இந்தப் போட்டிகளின் நடுவர்களுக்கு வேதம் நன்றாகத் தெரியும். மத்தேயு சொல்வது ஞானிகள் வந்தார்கள் என்று மட்டும்தான், மூன்று பேர் என்று அல்ல. அப்போஸ்தலர் 9-இல் சவுல் தரையில் விழுகிறான், குதிரை எங்கும் இல்லை. ஏதேனில் இருந்தது ஆப்பிள் என்று ஆதியாகமத்தில் கிடையாது. மரபிலும் ஓவியங்களிலும் பார்த்ததை வேதம் என்று எழுதிவிட்டால் அங்கேயே நம்பிக்கை போய்விடும். வேதத்தில் இருந்தும் யாரும் தொடாத காட்சிகளைத் தேடுங்கள். அப்போஸ்தலர் 12-இல் பேதுரு சிறையிலிருந்து தப்பி வந்து கதவைத் தட்டுகிறார். ரோதை என்ற பெண் அவர் குரலைக் கேட்ட சந்தோஷத்தில் கதவைத் திறக்க மறந்து உள்ளே ஓடுகிறாள். உள்ளே அவருக்காக ஜெபித்துக்கொண்டிருப்பவர்களோ ‘நீ பிதற்றுகிறாய்’ என்கிறார்கள். வெளியே பேதுரு இன்னும் தட்டிக்கொண்டே இருக்கிறார்.

இரண்டாவது எச்சரிக்கை செலவு. பழங்கால உடை, அரங்கம், கூட்டம் என்று பட்ஜெட் ஏறும். பரிசுக்குப் பின் படமாக எடுக்கும் திட்டம் உள்ள போட்டியில் இது கணக்கில் வரும்.

நடுவர்கள் பட்ஜெட்டைப் பார்ப்பார்களா?

விதியில் இல்லாவிட்டாலும் மனதில் இருக்கும். 2008-இல் வந்த ‘ஃபயர்ப்ரூஃப்’ ஜார்ஜியா மாநிலத்தின் ஆல்பனியில் ஒரு சபை தன் தன்னார்வலர்களை வைத்து எடுத்த படம். ஏறக்குறைய 5 லட்சம் டாலர் செலவு, வசூல் 3 கோடி டாலருக்கு மேல். இந்தத் துறை சிறிய பட்ஜெட்டில் ஓடுவது என்ற எண்ணம் அப்படி வலுப்பட்டதுதான். ஐந்தாறு இடங்கள், எட்டு முதல் பத்து பேசும் பாத்திரங்கள், குறைவான இரவு வெளிப்புறக் காட்சிகள் என்று இருந்தால், கதையை எடுத்துச் செய்ய முடியும் என்று தோன்றும். மழை, குழந்தைகள், விலங்குகள், வாகன மோதல் ஒவ்வொன்றும் செலவைக் கூட்டும். கதைக்கு அவசியமானால் வையுங்கள், அழகுக்காக வேண்டாம்.

வடிவமைப்பில் என்னென்ன கவனிக்க வேண்டும்?

ஆங்கிலத் திரைக்கதை என்றால் கூரியர் எழுத்துரு, அளவு 12. இடது ஓரம் ஒன்றரை அங்குலம், மற்ற ஓரங்கள் ஏறக்குறைய ஓர் அங்குலம். ஒரு பக்கம் என்பது திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம். முழுநீளப் படத்துக்கு 90 முதல் 110 பக்கம் பாதுகாப்பானது. ஃபைனல் டிராஃப்ட், ஃபேட் இன் போன்ற மென்பொருள்கள் இதைத் தாமாகவே பார்த்துக்கொள்ளும். சாதாரண எழுத்துச் செயலியில் கையால் இடம்விட்டு எழுதினால் பிடிஎஃப் ஆக்கும்போது வரிகள் நகர்ந்துவிடும்.

பலரும் விழும் பள்ளம் தாள் அளவு. ஏ4 தாளின் உயரம் 11.69 அங்குலம், அமெரிக்க லெட்டர் தாள் 11 அங்குலம். அங்குலத்துக்கு ஆறு வரி வீதம், ஏ4-இல் பக்கத்துக்கு நான்கு வரி கூடுதலாக ஏறும். ஏ4-இல் 110 பக்கம் என்று நீங்கள் எண்ணியது லெட்டரில் 118-ஐ ஒட்டி வரும். விதியின் உச்சவரம்பு 115 என்றால் படிக்கப்படாமலே தள்ளுபடியாகும். எழுதத் தொடங்கும்போதே லெட்டர் அளவைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

அடுத்தது பெயர். பெரும்பாலான போட்டிகளில் எழுத்தாளர் யார் என்று தெரியாமலே படிப்பார்கள். முகப்புப் பக்கத்திலிருந்து பெயரை எடுத்தால் மட்டும் போதாது. பக்கத் தலைப்பு, கோப்பின் பெயர், பிடிஎஃப் பண்புகளில் ‘ஆசிரியர்’ என்ற கட்டம் ஆகிய மூன்றிலும் பாருங்கள். நன்றிப் பக்கத்தில் சபையின் பெயரையும் போதகரின் பெயரையும் போடுவதும் இதே தவறுதான்.

காட்சி எண்கள், கேமரா கோணங்கள், எழுத்துக்கு நடுவே செருகிய படங்கள், இசைக் குறிப்புகள் வேண்டாம்.

தமிழில் எழுதிய திரைக்கதையை அனுப்பலாமா?

பன்னாட்டுப் போட்டிகளில் பெரும்பாலும் ஆங்கிலம் மட்டுமே. மொழிபெயர்த்தால் உரையாடலை வரிக்கு வரி மாற்றாதீர்கள். தமிழில் ‘ஆண்டவர்’, ‘கர்த்தர்’, ‘தேவன்’ என்று யார் எதைச் சொல்கிறார் என்பதிலேயே அவருடைய சபைப் பின்னணி தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் அது போய்விடும். அந்த வித்தியாசத்தை நடத்தையில் காட்ட வேண்டியிருக்கும்.

திரைக்கதையில் வேத வசனங்களையும் பாடல்களையும் சேர்த்தால் உரிமைச் சிக்கல் வருமா?

போட்டிக் கட்டத்தில் பெரும்பாலும் வழக்கு வராது. ஆனால் உரிமை வாங்க வேண்டியதையெல்லாம் தயாரிப்பாளர் செலவாகவே பார்ப்பார்.

ஆங்கில வேதாகமங்களில் கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பைப் பிரிட்டனுக்கு வெளியே தாராளமாகப் பயன்படுத்தலாம். பிரிட்டனில் மட்டும் அரச உரிமை உண்டு. வேர்ல்ட் இங்கிலீஷ் பைபிள் எங்கும் எல்லோருக்கும் பொது. நியூ இன்டர்நேஷனல் வெர்ஷன் காப்புரிமைக்கு உட்பட்டது. 500 வேத வசனம் வரை எழுத்து அனுமதி தேவையில்லை. ஆனால் அவை முழுப் புத்தகம் ஒன்றாக இருக்கக்கூடாது, உங்கள் படைப்பில் கால் பங்கையும் எட்டக்கூடாது. எந்த மொழிபெயர்ப்பு என்று தொடக்கத்திலேயே முடிவுசெய்து கடைசிவரை அதையே வையுங்கள்.

பாடல்களில் பழையது என்று தோன்றுவதெல்லாம் பொதுச் சொத்தல்ல. 1779-இல் அச்சான ‘அமேசிங் கிரேஸ்’ பொதுவுடைமை, ஆனால் பின்னால் வந்தவர்கள் சேர்த்த புதிய பல்லவிக்குத் தனி உரிமை. ‘ஹவ் கிரேட் தௌ ஆர்ட்’ ஸ்வீடிஷ் மூலம் 1885-ஐச் சேர்ந்தது. எல்லோரும் பாடும் ஆங்கில வரிகள் 1949-ஐச் சேர்ந்தவை, உரிமையுள்ளவை. ஒரு பாட்டைப் படத்தில் சேர்க்கத் தயாரிப்பாளர் இரண்டு அனுமதி வாங்குகிறார்: பாடலுக்கு ஒன்று, குறிப்பிட்ட ஒலிப்பதிவுக்கு ஒன்று. அதனால் ‘பழைய கீர்த்தனை ஒன்றை அவள் முணுமுணுக்கிறாள்’ என்று எழுதினாலே பெரும்பாலும் போதும்.

உண்மையான ஒருவரின் சாட்சியை எழுதலாமா?

சாட்சி என்பது, கடவுள் தன் வாழ்வில் செய்ததை ஒருவர் சபையில் சொல்வது. எழுத்து மூலமான அனுமதி வாங்கிக்கொண்டு எழுதுங்கள். சபையில் எல்லோர் முன்னாலும் சொன்ன சாட்சி என்பதால் அது படமாக்கவும் சம்மதம் என்று ஆகாது. கடிதத்தில் யார் கதை, எந்தக் காலப் பகுதி, பெயரை மாற்றலாமா, எத்தனை ஆண்டுக்கு இந்த அனுமதி, படமானால் அவருக்கு என்ன என்பவை இருக்க வேண்டும். கதையில் வரும் மற்றவர்களையும் மறக்காதீர்கள். அடித்த கணவன், ஏமாற்றிய அண்ணன் என்று சாட்சியில் வருகிறவர்கள் அனுமதி கொடுத்திருக்க மாட்டார்கள். அவர்களை அடையாளம் தெரியாதபடி மாற்றுங்கள். ஆலோசனைக்கு வந்து நம்பிக்கையோடு சொன்ன ரகசியம் எந்த வடிவிலும் வேண்டாம்.

பாவத்தை எவ்வளவு காட்டலாம்? கெட்ட வார்த்தை, வன்முறை?

விசுவாசப் போட்டிகளில் பெரும்பாலானவை குடும்பத்தோடு பார்க்கும் தரத்தையே கேட்கின்றன. அதற்காகப் பாவத்துக்குப் பாரமே இல்லாமல் எழுதிவிடக்கூடாது. குடிகாரனின் வீட்டில் பாட்டில் உடைவதைவிட, மகள் அப்பாவின் காலடிச் சத்தம் கேட்டதும் புத்தகப் பையைக் கட்டிலுக்கடியில் தள்ளுவது கனமாகத் தெரியும். அவிசுவாசிகளையெல்லாம் முட்டாள்களாகவோ கொடியவர்களாகவோ எழுதுவதும் மதிப்பெண்ணைக் குறைக்கும். கதையில் கடவுளைக் கேள்வி கேட்பவருக்குத்தான் மிகச் சிறந்த உரையாடல்களைக் கொடுங்கள்.

ஒருவரிக் கதையும் கதைச்சுருக்கமும் எப்படி இருக்க வேண்டும்?

ஒருவரிக் கதை ஆங்கிலத்தில் 25 முதல் 35 வார்த்தை. யார், என்ன வேண்டும், எது தடுக்கிறது, தோற்றால் என்ன இழப்பு. ‘கடவுளின் அன்பைக் கண்டடையும் ஒரு மனிதனின் பயணம்’ என்பது எந்தப் படத்துக்கும் பொருந்தும், அதனால் எதற்கும் பொருந்தாது. மேலே சொன்ன கதைக்கு இப்படி எழுதலாம்: ‘சபைக் கட்டட நிதியைத் திருடிய பொருளாளருக்குப் பதிலாகப் போதகர் பழியை ஏற்கிறார். உண்மையைச் சொன்னால் சிறை, சொல்லாவிட்டால் தன்னை மன்னித்தவருக்கு நாசம்.’ கதைச்சுருக்கத்தை ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். முடிவையும் சொல்லுங்கள். ‘முடிவு என்ன என்பதைத் திரையில் காண்க’ என்று விடுவது விளம்பரத்துக்கு வேண்டுமானால் சரி.

உண்மையில் யார் படிக்கிறார்கள்?

முதல் சுற்றில் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாசகர்கள்தான். கருத்து, அமைப்பு, பாத்திரம், உரையாடல், வடிவம் என்று தலைப்புவாரியாக மதிப்பெண் இடுவார்கள். பெயர் பெற்ற நடுவர்களின் கைக்குக் கடைசிச் சுற்றுத் திரைக்கதைகள் மட்டுமே போகும். அதனால் முதல் பத்துப் பக்கத்திலேயே நாயகன் யார், அவனுக்கு என்ன குறை என்பது தெரிந்தாக வேண்டும். படைப்பின் காட்சியிலிருந்து தொடங்கும் பின்னணிக் குரலுக்கு அங்கே இடமில்லை.

கட்டணம், விதிகளில் எதைப் பார்க்க வேண்டும்?

முன்கூட்டிய கெடு, வழக்கமான கெடு, தாமதக் கெடு என்று கட்டணம் படிப்படியாக ஏறும். முதல் கெடுவுக்கே முடித்துவிடுங்கள். கெடு நேரம் எந்த நாட்டு நேரம் என்றும் பாருங்கள்.

விதிகளில் உரிமை பற்றிய பத்தியை இரண்டு தடவை படியுங்கள். ‘வென்றால் முதலில் எங்களிடம் பேச வேண்டும்’ என்பது சாதாரணம். ‘அனுப்பிய எல்லாத் திரைக்கதைகளையும் பயன்படுத்தும் உரிமை எங்களுக்கு’ என்றிருந்தால் அனுப்பாதீர்கள். திரைக்கதையை வாங்கும் உரிமையைக் குறிப்பிட்ட காலத்துக்குத் தயாரிப்பாளரிடம் ஒதுக்கி வைப்பது விருப்ப ஒப்பந்தம். எத்தனை மாதத்துக்கு, எவ்வளவு தொகைக்கு என்று சொல்லாத விருப்ப ஒப்பந்தமும் ஆபத்து. முந்தைய வருட வெற்றியாளர்களின் பெயரே எங்கும் இல்லாத போட்டி, எல்லோரையும் ‘அரையிறுதி’ என்று அறிவித்துச் சான்றிதழுக்குப் பணம் கேட்கும் போட்டி இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். ஊழியம் என்ற பெயரில் நடப்பதாலேயே விதிகளைப் படிக்காமல் விடக்கூடாது.

சில போட்டிகள் விசுவாச அறிக்கையில் கையெழுத்துக் கேட்கும். முழுதாக ஒத்துக்கொள்ள முடியாவிட்டால் வேறு போட்டி பாருங்கள். செயற்கை நுண்ணறிவு பற்றிய விதியும் இப்போது பல இடங்களில் சேர்ந்திருக்கிறது. பயன்படுத்தியிருந்தால் கேட்ட இடத்தில் உண்மையைச் சொல்லுங்கள்.

அனுப்புவதற்கு முன் பதிவு செய்ய வேண்டுமா?

எழுதி முடித்த கணமே காப்புரிமை உங்களுடையது. பன்னாட்டுக் காப்புரிமை ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் அதற்குப் பதிவு தேவையில்லை. ஆனால் தகராறு வந்தால் பதிவுதான் கைகொடுக்கும். அமெரிக்காவில் காப்புரிமை அலுவலகப் பதிவு வழக்குக்கு வலுவானது. அமெரிக்கத் திரை எழுத்தாளர் சங்கமான ரைட்டர்ஸ் கில்டு வெஸ்டில் செய்யும் பதிவு தேதிக்கான சான்று மட்டுமே, ஐந்து ஆண்டில் புதுப்பிக்க வேண்டும். உங்களுக்கே கடிதம் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைத்துக்கொள்வது பயன்படாது. இருவர் சேர்ந்து எழுதியிருந்தால் பங்கு, பெயர் வரிசை, யார் விற்கலாம் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டுவிடுங்கள். ஒரே சபையில் இருப்பவர்கள் என்றால் இன்னும் அவசியம்.

ஒரே திரைக்கதையைப் பல போட்டிகளுக்கு அனுப்பலாமா?

பெரும்பாலும் அனுப்பலாம். ‘ஏற்கெனவே பரிசு பெற்றது கூடாது’, ‘விருப்ப ஒப்பந்தத்தில் இருப்பது கூடாது’ என்ற விதிகளை மட்டும் பாருங்கள். எந்தத் தேதியில் எந்த வரைவு, எந்தப் போட்டிக்கு, என்ன கட்டணம், என்ன குறிப்பு வந்தது என்று ஒரு அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே குறை இரண்டு வெவ்வேறு வாசகர்களிடமிருந்து வந்தால் அடுத்த கட்டணத்தைக் கட்டுவதற்கு முன் அதைத் திருத்துங்கள். ஒருவர் மட்டும் சொன்னதென்றால் ஒரு வாரம் தள்ளிவைத்துவிட்டு, அந்தக் காட்சியைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள்.